விழுந்ததா, படுத்ததா?

கமலவேணியம்மாளின் பேச்சு வாயிலிருந்து வருவதில்லை. தாலிக்கொடிக்குப் பக்கத்தில் கழுத்தில் தொங்கும், சோப்பு டப்பா அளவுள்ள ஒரு பெட்டியிலிருந்து வருகிறது. பக்கவாதம் வந்து பிழைத்ததில் கைகால் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. வாயும் மெல்லும், விழுங்கும், கொட்டாவி விடும். சொல் மட்டும் போனது போனதுதான். அதற்காக டாக்டர்கள் மண்டைக்குள் முடியைவிட மெல்லிய இழைகளைப் பதித்து, அவர் என்ன சொல்ல வருகிறார் என்பதைப் பெட்டிக்குத் தெரியும்படி செய்தார்கள். பெட்டி அதை வாங்கி உரக்கச் சொல்லும். குரல்கூட அவருடையதே. கல்யாண வீடியோவிலிருந்தும், மகள் கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த வீடியோக்களிலிருந்தும் அந்தக் குரலை உருவி எடுத்திருந்தார்கள். ஆகவே அறுபதைத் தாண்டிய அம்மாள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க, புதுப்பெண் ஒருத்தி "ஏனுங்க, மோர் வேணுங்ளா?" என்று கேட்பாள். முதல் தடவை வருகிறவர்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து இன்னொரு ஆளைத் தேடுவார்கள்.

இந்தப் பெட்டிக்கு மாசி மாதம் முதல் என்னவோ ஆகிவிட்டது. பேசிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்துவிடுகிறது. முன்பும் ஒன்றிரண்டு தடவை அப்படி நடந்ததுண்டு, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது வாரம் தவறுவதில்லை. மறுபடி போட்டால் சில நாள் நல்ல பிள்ளையாக எழுந்து வருகிறது. சில நாள் பாதி வழியில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு முறைத்துக்கொண்டு நிற்கிறது.

கோளாறு என்றால் சரிசெய்துவிட்டுப் போகலாம். ஆனால் இது மூளைக்குள் கம்பி போயிருக்கும் சாதனம். சொல்லாமல் கொள்ளாமல் அணையும் சாதனத்தை மனிதத் தலையில் வைத்திருக்கக்கூடாது என்பது கம்பெனியின் மருத்துவக் குழு போட்ட விதி. காரணம் தெரியாவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள் என்று அவர்கள் எழுதிவிட்டார்கள். ஒரு தடவை துண்டித்தால் இழைகள் நாளாவட்டத்தில் செத்துப்போகும். பிறகு தலைகீழாக நின்றாலும் பேச்சு வராது. அதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வா என்று கோயம்புத்தூர் அலுவலகத்திலிருந்து மெர்லினை அனுப்பினார்கள்.

மெர்லின் நாகர்கோவில்காரி. பெட்டிக்குள் ஓடும் லினக்ஸ் மென்பொருளில் பாதியை எழுதியவள் அவள்தான். அம்மாளின் ஊரான கோபிக்குப் போகும் பஸ்ஸில் ஏறியவுடன் வீட்டுக்கு போன் போட்டாள்.

"லேய் ஜெரோமே, எருமை, கேஸ மூடுனியாலே?"

"மூடியாச்சு மகாராணி" என்றது எருமை. முன் இருக்கை அம்மா ஒருவர் திரும்பிப் பார்த்து, புருஷனா தம்பியா என்று தெரியாமல் விழித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மெர்லினுக்கு அதுதான் கொஞ்சல். பெயரைச் சொல்லாமல் ஒரு மனிதனை எப்படிக் கூப்பிடுவது என்பது அவள் யோசித்தே பார்த்திராத விஷயம்.

வாசலில் வரவேற்றவர் அந்த அம்மாளின் கணவர். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காதோரத்தில் இன்னும் பேனா செருகியிருந்தார்.

"தெய்வசிகாமணிங்க. வாங்கம்மிணி, உக்காருங்க. கரண்டுதானுங்க கோளாறு. எங்கூர்க் கரண்டு குடிகாரனாட்டம், நேரா நிக்கவே தெரியாது."

"கரண்டுமில்ல கிரண்டுமில்ல, கண்ணு பட்டுப்போச்சு" என்றது பெட்டி. கமலவேணியம்மாள் உள்ளிருந்து தண்ணீர்ச் சொம்போடு வந்தார். "நல்லாப் பேசறேன் நல்லாப் பேசறேன்னு ஊரே பாக்க வந்துச்சு கண்ணு. பாத்துப் பாத்தே படுக்க வெச்சுட்டாங்க."

பக்கவாதத்துக்கு முன்னால் அவர் இன்னும் அதிகமாகப் பேசுவாராம். தெய்வசிகாமணி சிரித்துக்கொண்டே சொன்னார்: "பஸ்ல நாங் கத்துவன், ஊட்ல இவ கத்துவா. நடுவுல கொஞ்ச நாள்தானுங்க ஊடு சத்தமில்லாம கெடந்துச்சு."

மெர்லின் சிரிக்கவில்லை. 'சத்தமில்லாம' என்ற அந்த வார்த்தையை மனதில் ஓர் ஓரமாக வைத்துக்கொண்டாள்.

மடிக்கணினியைப் பெட்டியோடு இணைத்தாள். கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் ஓடத் தொடங்கின. தெய்வசிகாமணி நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தனக்கு எல்லாம் புரிவதுபோலத் தலையாட்டினார்.

"என்னங்கம்மிணி தேடறீங்க?"

"பெட்டி விழுந்துச்சா, படுத்துச்சான்னு பாக்கேன் ஐயா."

"ரண்டும் ஒண்ணுதானுங்களே?"

"இல்ல. சார்ஜ் போயோ, சூடு ஏறியோ செத்துச்சுன்னா விழுந்ததுன்னு அர்த்தம். எழுதிட்டிருந்த வரி பாதியிலயே நிக்கும். அடுத்த தடவை எழும்பும்போது என்னென்ன உடைஞ்சுதுன்னு முதல்ல தேடும். படுத்ததுன்னா, கதவெல்லாம் ஒவ்வொண்ணா சாத்தி, விளக்க அணைச்சிட்டு, ஒழுங்காப் படுக்கும்."

"பிரேக்டவுன் ஆகி நடுரோட்ல நிக்கறது ஒண்ணு. டிரைவரு ஓரங்கட்டிச் சாவியத் திருப்பறது ஒண்ணு."

"அதேதான்."

"நம்ம வண்டி எப்படிங்க?"

மெர்லின் ஒவ்வொரு தடவையாகப் பின்னோக்கிப் பார்த்தாள். எங்கேயும் பாதி வரி இல்லை. எங்கேயும் உடைசல் இல்லை. சூடு சரியாக இருந்தது, சார்ஜ் தாராளமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் கடைசியில் ஒரே வரிதான் நின்றது. நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது, நிறுத்தினேன்.

"சாவியத் திருப்பியிருக்காங்க" என்றாள்.

பெட்டியை நிறுத்த இரண்டே வழி. பின்புறம் ஒரு பொத்தான் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் அமுக்கலாம். இன்னொன்று அந்த அம்மாளுக்கு மட்டும் உள்ளது. தலைக்குள் வலியோ வலிப்போ வந்தால் கையைத் தூக்கிப் பொத்தானைத் தேட முடியாது என்பதால், தாடையைச் சட்டென்று இறுக்கினாலே பெட்டி நின்றுவிடும்படி வைத்திருந்தார்கள். இரண்டுக்கும் ஒரே வரிதான் பதிவாகும். அப்படி வைத்தது மெர்லினின் கம்பெனிதான், யாரைக் குறை சொல்வது?

"அம்மா, நீங்களா நிறுத்துறீங்களா?"

"நா எதுக்குக் கண்ணு நிறுத்தறேன்? வாயில்லாம கெடந்த நாள நெனச்சா இப்பவும் ராத்திரி தூக்கம் வாரதில்ல."

"தாடைய இறுக்கிப் பல்லக் கடிப்பீங்களா?"

"பாதிப் பல்லு ஆடுது. நானெங்க கடிக்கறது?"

அந்த அம்மாள் பொய் சொல்கிற ஆள் இல்லை. பொய் சொன்னால் பெட்டி காட்டிக் கொடுத்துவிடும். அப்படியானால் பொத்தான். பொத்தானுக்கு எட்டும் தூரத்தில் நாள் முழுக்க இருக்கிறவர் ஒருவர்தான். மெர்லின் திரும்பி, காதோரப் பேனாவோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். சத்தமில்லாமல் கிடந்த வீட்டை நினைத்து ஏங்குகிறாரோ இந்த மனிதர்? மனைவி வாயை அடைக்கும் ஆண்களைப் பற்றி அவளுக்குப் பல கதைகள் தெரியும். பொத்தானை அமுக்கி அடைப்பவரை இப்போதுதான் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நிமிடத்திலிருந்து 'ஐயா' குறைந்துபோயிற்று.

"எங்கெங்க வச்சு நின்னுச்சு?"

"பேங்குல ஒருக்கா. ஆஸ்பத்திரில சீட்டுப் போடற எடத்துல ஒருக்கா. ரண்டுக்கும் நாந்தானுங்க வண்டில கூட்டிட்டுப் போனன்" என்றார் தெய்வசிகாமணி, தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு. "இப்பல்லாம் வெள்ளிக்கெழம ஆனாக் கோயல்ல."

"இன்னைக்கு வெள்ளிதான?"

"அர்ச்சனைக்குப் போற நேரந்தான் கண்ணு" என்றது பெட்டி.

கிளம்பும் முன் எழுந்து வருவதையும் பார்த்துவிடலாம் என்று மெர்லின் பெட்டியை அணைத்துப் போட்டாள். வரிகள் ஓடின. பச்சை, பச்சை, பச்சை. பிறகு சிவப்பு. 'நெருங்கியவர் சோதனை தோல்வி. அவசர நிலை.'

அந்தச் சோதனையை எழுதியவளே மெர்லின்தான். தூங்கி எழும்போது மூளைக்குள் இழைகள் இம்மியளவு நகர்ந்திருக்கும். பெட்டி தன் காதைத் திருகிச் சரிசெய்துகொள்ள, நன்றாகத் தெரிந்த ஒரு சொல் வேண்டும். அதற்காக மாசி மாதப் புதுப்பிப்பில் ஒரு வேலை செய்திருந்தாள். பெட்டி தன் சின்னத் திரையில், தினமும் பார்க்கும் முகங்களில் ஒன்றைக் காட்டும். அந்த அம்மாள் அந்தப் பெயரை நினைத்தால் போதும், ஒலிபெருக்கி திறக்காமலேயே பெட்டி கேட்டுக்கொள்ளும். மூன்று தடவை பெயர் பொருந்தாவிட்டால், காது சரியில்லை என்று அங்கேயே நின்றுவிடும். எந்த முகத்தைக் காட்டியது, என்ன பதில் வந்தது என்பதையெல்லாம் பதிவில் எழுதாது. அடுத்தவர் வீட்டு அந்தரங்கம் நமக்கு எதற்கு என்று மெர்லின் விட்டுவிட்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பழுதுபார்ப்பவர்களுக்கான கடவுச்சொல்லைப் போட்டுப் பெட்டியை எழுப்பினாள். தெய்வசிகாமணி சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"நீங்க வேண்டாம். வீட்லயே இருங்க" என்றாள் மெர்லின்.

குரலில் இருந்த கடுப்பு அவருக்குப் புரிந்தது. காரணம்தான் புரியவில்லை. சட்டைப் பொத்தானை மறுபடி கழற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வழியெல்லாம் அந்தப் புதுப்பெண் குரல் ஓயவில்லை. வாய்க்கால் தண்ணீர் பற்றி, மகள் நித்தியா ஈரோட்டில் வாங்கிய வீடு பற்றி, தலையில் இழை வைத்த புதிதில் மானம் போன கதை பற்றி.

"பக்கத்தூட்டு ருக்குமணி கொழம்பு கொண்டாந்தா. நல்லாருக்குன்னு சொல்லோணும்னுதாங் கண்ணு இருந்தன். இந்தச் சனியன் 'உப்பு கரிக்குது'ன்னு சொல்லிப்போடுச்சு. மனசுக்குள்ள நெனச்சதுதான், இல்லீங்கல."

"நமக்கு நினைப்புக்கும் வாய்க்கும் நடுவுல ஒரு கதவு இருக்கும்மா. பெட்டியில அந்தக் கதவு ரொம்ப மெல்லிசு. நாக்கு நுனி வரைக்கும் வந்தத இது சொல்லிரும்."

"அதத்தாங் கண்ணு நானும் பயந்துக்கிட்டே கெடக்கறன்" என்றார் அம்மாள். எதற்குப் பயம் என்று மெர்லின் கேட்கவில்லை. அவள் நினைப்பெல்லாம் கோயிலில் மின்காந்தம் ஏதாவது இருக்குமா, மணிச்சத்தமா, கற்பூரப் புகையா என்றே ஓடியது. பொத்தானை யாரும் அமுக்கவில்லையென்று நிரூபணமானால் அடுத்து எதைப் பிடிப்பது?

கோயிலில் கூட்டம் குறைவு. பூசாரி புதியவர், இளையவர். கேட்காமலே எல்லார் பெயரும் தெரிந்த பழைய பூசாரி தை மாதத்தோடு முடியாமல் படுத்துவிட, மருமகன் பூசைக்கு வந்திருந்தார். மெர்லின் பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல் பக்கத்தில் நின்றாள். யாருடைய கையும் பெட்டிக்கு அருகில் இல்லை.

"யாரு பேருக்குங்க அர்ச்சன?" என்றார் பூசாரி.

"எங்கூட்டுக்காரருக்குங்க."

"அவரு பேருங்க?"

மெர்லின் அப்போதுதான் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். கமலவேணியம்மாள் சட்டென்று நாக்கை நீட்டிக் கடித்துக்கொண்டார். தலை குனிந்தது. உதட்டோரம் ஒரு வெட்கம், புதுப்பெண்ணுக்கு வருகிற மாதிரி. 'டிங்' என்று ஒரு சத்தம். பெட்டி கதவெல்லாம் சாத்திவிட்டு, ஒழுங்காகப் படுத்துவிட்டது.

"பாருங்கக்கா" என்றார் பூசாரி மெர்லினிடம், "நாங் கேட்டாப் போதும், நின்னுருது. எம்மேல பழி வருது."

பின்னால் தேங்காய்த் தட்டோடு நின்ற பெண்மணிக்குப் பொறுமை போய்விட்டது. "தெய்வசிகாமணின்னு போடு சாமி. அந்தக்கா எப்படிச் சொல்லும், கட்டுனவிய பேர?"

மெர்லின் மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். பேங்க். ஆஸ்பத்திரிச் சீட்டு. கோயில். கணவர் பெயர் என்ன, கணவர் பெயர் என்ன, கணவர் பெயர் என்ன. ஒரு பெண் எங்கே போய் நின்றாலும் கேட்கிற கேள்வி. அவளையும் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள், ஜெரோம் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கிறாள். இவருக்கு அந்தப் பெயர் நினைப்பில் எழுகிறது, மெல்லிய கதவு அதை வெளியே விடப்பார்க்கிறது, நாக்கைக் கடித்துக்கொள்கிறார். ஊரெல்லாம் பெண்கள் செய்கிற காரியம், செய்கிறோம் என்றே அவர்களுக்குத் தெரியாது. பெட்டிக்கோ அது தாடை இறுக்கம், ஆபத்து, உடனே நிறுத்து.

அந்தச் சிவப்பு விளக்கும் இப்போது விளங்கியது. திரையில் முகம் வரும், பெயரைச் சொல் என்று பெட்டி காத்திருக்கும். மகள் முகம் வந்தால் எழுந்துவிடும். ருக்குமணி முகம் வந்தால் எழுந்துவிடும். வீட்டில் எல்லாரையும்விட அதிகமாகப் பார்க்கிற முகம் எது? அறிவாளி மெர்லின் எழுதிய சோதனை, ஒரு மனைவியைத் தினமும் காலையில் உட்காரவைத்து, புருஷன் பெயரைச் சொன்னால்தான் பேச விடுவேன் என்று மிரட்டிக்கொண்டிருந்தது. வெட்கம் அவள் காது வரைக்கும் ஏறியது.

வீட்டுக்குத் திரும்பியதும் முதல் வேலையாக "ஐயா, மன்னிச்சிருங்க" என்றாள். எதற்கென்று தெரியாமலே "பரவால்லீங்கம்மிணி" என்றார் அவர்.

நடந்ததைக் கேட்டதும் தொடையில் தட்டிச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும்தான் விஷயத்தின் கனம் அவருக்கு உறைத்தது. "அட, இதுக்கா புள்ள பேச்சே போகப்பாத்துச்சு? சொல்லித் தொலையறதுதான? காலம் எங்கயோ போச்சு. நித்தியா மாப்பிள்ளையப் பேரு சொல்லித்தாங் கூப்படறா, அவனென்ன கொறஞ்சா போயிட்டான்?"

மெர்லின் பெட்டியை எழுப்பியிருந்தாள்.

"அவ காலம் அவளுக்கு" என்றது பெட்டி. "பேரு சொன்னா ஆயுசு கொறையும்னு எங்கம்மா சொல்லியுட்டாங்க. நெசமோ பொய்யோ, எனக்கெப்படித் தெரியும்? கண்ணாலம் பண்ணி வந்த நாள்லருந்து சொல்லாம இருந்தன். நீங்களும் இருக்கறீங்க. பொய்யின்னு சொல்லிப் பாக்கறதுக்கு, போனா யாரு கொண்டாந்து குடுப்பாங்க?"

"எழுவது தாண்டியாச்சு புள்ள எனக்கு."

"அதுக்குத்தான் சொல்றன். கொஞ்சந்தான் மிச்சமிருக்குது."

தெய்வசிகாமணி காதோரப் பேனாவை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி செருகிக்கொண்டார்.

"அம்மா, பெட்டிய எடுத்துட்டுப் போயிருவாங்க" என்றாள் மெர்லின், மெதுவாக.

"எடுத்துட்டுப் போகட்டுங் கண்ணு. நான் ஊமையா இருந்தாலும் அவியளுக்குச் சோறு போடுவன்."

குழு, விதி, மருத்துவர்கள், அவள் எழுதிய அந்த அழகான சோதனை எல்லாம் ஒரு பக்கம், இந்த அம்மாள் நாக்கு ஒரு பக்கம். நம்புகிறாளா இல்லையா என்று யாரும் மெர்லினைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லையென்றுதான் சொல்லியிருப்பாள். ஆனால் அந்த நாக்கைத் தோற்கவிடுவதில்லை என்று முடிவு செய்தாள்.

"நீங்க சொல்ல வேண்டாம். நான் பெட்டிய மாத்துறேன்."

மாற்ற வேண்டியது இரண்டுதான். ஒன்று, அந்த முகம் வந்தால் பெட்டி எதிர்பார்க்க வேண்டிய சொல். "ஐயாவ எப்படிக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டாள். "ஏனுங்கன்னுதான்" என்றது பெட்டி. அதைப் பதிந்தாள். ஒருவேளை மறுபடி ஏதாவது பொருந்தாமல் போனால், என்ன பதில் வந்தது என்று தன் மேசைக்கு மட்டும் தகவல் வரட்டுமா என்று அனுமதி கேட்டாள். வரட்டும் என்றார் அம்மாள்.

இரண்டாவது, காவலுள்ள ஒரு வாசல். அந்த ஒரு பெயர் நினைப்பில் எழுந்தாலும் பெட்டி அதை வெளியே விடாது. நாக்கைக் கடிக்கிற வேலையே இருக்காது. ஆனால் எதை மறிக்க வேண்டும் என்று பெட்டிக்கு ஒருமுறையாவது தெரிய வேண்டும்.

"சத்தம் வராதும்மா. ஒலிபெருக்கிய மூடிருவேன். மனசுல ஒரே ஒரு தடவ நினைச்சா போதும்."

அம்மாள் நெடுநேரம் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு "அவிய வெளிய போகட்டும்" என்றார்.

தெய்வசிகாமணி செருப்பை மாட்டிக்கொண்டு, வாசல் கடந்து, எதிர்ப்பக்க வேப்பமரத்தடி வரைக்கும் போய் நின்றுகொண்டார். மெர்லின் ஒலிபெருக்கியை மூடினாள். கமலவேணியம்மாள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். கறுப்புத் திரையில் ஓர் எழுத்துப் பின்னால் ஓர் எழுத்தாக அந்தப் பெயர் வந்து நின்றது. மெர்லின் அதை வாசலில் மறிக்கும்படி எழுதிவிட்டு, திரையைத் துடைத்தாள்.

பெட்டி திறந்ததும் வந்த முதல் சொல்: "ஏனுங்க, உள்ள வாங்க!"

வந்தவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "மயக்கமா வருதுங்ளா? நெஞ்சு கிஞ்சு அடைக்குதுங்ளா?"

"பசிக்குது புள்ள" என்றார் அவர்.

அப்புறம்தான் அந்த அம்மாள் சிரித்தார். மெர்லினைச் சாப்பிடாமல் விடவில்லை. கிளம்பும்போது மெர்லின் சொன்னாள், "வாசல் வேண்டாம்னு எப்பத் தோணுனாலும் சொல்லுங்கம்மா, எடுத்துருவேன்."

"வேண்டாங்கற அன்னிக்கு நானே சொல்லியுடறன் கண்ணு."

மருத்துவக் குழுவுக்கு அவள் எழுதிய அறிக்கை சின்னது. பெட்டியில் கோளாறு இல்லை, நாம் கேட்ட கேள்வியில்தான் கோளாறு, கேள்வியை மாற்றிவிட்டேன். குழுவில் ஒருவர் இதெல்லாம் ஒரு காரணமா என்று முகம் சுளித்ததாகக் கேள்வி. ஆனால் பெட்டி அதன்பின் ஒரு தடவைகூட நிற்காததால் வாயை மூடிக்கொண்டார். மெர்லினும் சும்மா இருக்கவில்லை. மற்ற எல்லாப் பெட்டிகளிலும் அந்தக் கேள்வியை மாற்றினாள். 'இவர் பெயர் என்ன?' என்பது போய், 'இவரை எப்படிக் கூப்பிடுவீர்கள்?' என்று ஆயிற்று. தன் எருமையிடம் இதைச் சொன்னபோது, "நல்லவேள, உனக்குப் பெட்டி இல்ல. இருந்தா எம் மூஞ்சியப் பாத்து எருமைன்னு சொன்னாத்தான் அது எந்திரிக்கும்" என்றான்.

ஐப்பசியில் ஒரு மழைநாள் காலை. மெர்லின் டீயை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தபோது, மேலே சிவப்பாக ஒரு வரி நின்றது. கமலவேணியம்மாளின் பெட்டி எழுந்திருக்கவில்லை. நெருங்கியவர் சோதனை தோல்வி, அவசர நிலை. இத்தனை மாதத்தில் முதல் தடவை. எதிர்பார்த்த சொல், ஏனுங்க. வந்த சொல், தெய்வசிகாமணி. மூன்று தடவையும் அதுவேதான்.

மெர்லினுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அட கிழவி, கடைசியில் துணிந்துவிட்டாயா? ஜெரோமுக்குச் சொல்லலாம் என்று போனைக்கூட எடுத்துவிட்டாள்.

எடுத்த கை அப்படியே நின்றது. 'வேண்டாங்கற அன்னிக்கு நானே சொல்லியுடறன்.'

ஜெரோமின் எண்ணை விட்டுவிட்டு, தெய்வசிகாமணியின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தது ஒரு பெண்குரல், அழுது கட்டிய குரல்.

"நித்தியாவா? நான் மெர்லின். அப்பா..."

"உங்களுக்கு யாருங்கக்கா சொன்னாங்க?" என்றாள் நித்தியா. "தீவாளிக்குன்னு நான் வந்திருந்தனுங்க, தூக்கத்துலயே போயிருக்காரு. இப்பத்தான் பாத்தோம். இன்னும் ருக்குமணியக்காவுக்குக்கூடச் சொல்லலைங்க."

மெர்லின் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மடிக்கணினியை அருகே இழுத்தாள்.

"அம்மா பெட்டி வேற ஓட மாட்டேங்குதுங்க. கையில வெச்சுட்டு அதையே வெறிச்சுப் பாத்துட்டு உக்காந்துருக்குது. அழுகக்கூட இல்ல."

"ஓடும். ஒரு நிமிஷம்" என்றாள் மெர்லின். "போன வைக்காத, பெட்டிய அம்மா கழுத்துல மாட்டு."

கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போனாள். அந்த முகத்துக்கு நேரே, ஏனுங்க என்பதற்குப் பக்கத்தில் பெயரையும் சேர்த்தாள். பிறகு வாசல் இருந்த இடத்துக்குப் போனாள். தன் கையால் எழுதிய அந்த இரண்டு வரிகளை ஒருமுறை படித்தாள், அழித்தாள், பெட்டியை எழுப்பினாள். பச்சை, பச்சை, பச்சை, பச்சை.

போனில் நித்தியா பெட்டியை மாட்டிவிடும் சத்தம் கேட்டது. பிறகு, கல்யாண வீடியோவிலிருந்து எடுத்த அந்த இளம் குரல், தடுமாறிக்கொண்டு, புது ஊரில் முதல் அடி வைப்பது போல, ஒருமுறை சொல்லிப் பார்த்தது.

"தெய்வசிகாமணி."

கொஞ்சம் நின்றது. எந்தப் பதிலும் வராததை உறுதி செய்துகொண்டதுபோல மறுபடி கூப்பிட்டது. அப்புறம் நிறுத்தவே இல்லை. மெர்லின் டீ ஆறிப்போவதைப் பார்த்துக்கொண்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.